பாவாத்தாள் பக்கம்

ஜூன் 10, திங்கள்

என் இணையதளத்தில் எழுதுவது வேறு, இந்த டைரியில் எழுதுவது வேறு. அங்கே ஒரு வரி போட்டால் அதற்கு ஒரு படமோ, நேரில் பார்த்த ஆளோ இருக்க வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம். இங்கே அந்தச் சட்டம் கிடையாது. பயமாக இருக்கிறது என்று எழுதலாம். இருக்கிறது.

காலையில் கடையைத் திறந்து ஜெராக்ஸ் மிஷின் சூடாவதற்குள் ஒரு பெண் வந்து நின்றாள். கூனம்பாறைக்காரி. மாமியார் பாவாத்தாள் இறந்துவிட்டாள், சான்றிதழுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். யாரோ எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அதில் ‘மாடிப்படியில் தவறி விழுந்து’ என்று போட்டிருந்தது.

“கூனம்பாறைல யார் வூட்லீங் மாடி இருக்குது?” என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடையை அடைத்துவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். குவாரிக்குப் பின்னால் கடைசி வீடு. தகரக் கூரையில் ஒரு ஓட்டை, ஓரம் உள்பக்கமாக மடங்கிக் கிழிந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் வெடி வைத்தபோது கல் பறந்து வந்திருக்கிறது. பாவாத்தாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கல் அம்மிக்குழவி அளவு. தலையில் பாதி இல்லை என்றாள் மருமகள். குவாரி ஆட்கள் வந்து ஆறேழு குடம் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். கழுவின தண்ணீர் தேங்கின இடத்தில் கோழி கொத்திக்கொண்டிருந்தது. விரட்டினேன். மறுபடி வந்தது.

கல்லை அவர்கள் எடுத்துப் போகவில்லை. மருமகள் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். அதில் இன்னும் நரைமுடி ஒட்டியிருந்தது.

படம் எடுத்தேன். கூரை, கல், முறம். சாயந்திரம் எழுதி முடித்து என் வீட்டுக்காரர் லோகநாதனிடம் காட்டினேன். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழுக்கப் படித்தார்.

“போடறதுன்னு முடிவு பண்ணிட்டியா?”

“ஆமாங்.”

“அப்பறம் என்னைய எதுக்குக் கேக்கற?” என்று கை கழுவப் போய்விட்டார்.

போட்டேன்.

ஜூன் 13, வியாழன்

என் தளத்தைப் பஸ் நேரம் பார்க்கத்தான் ஊரில் திறப்பார்கள். எங்கள் வெள்ளக்கரட்டிலிருந்து எந்த பஸ் எப்போது, எந்தக் கிழமை கரண்ட் இருக்காது, ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா. நடுவில் எனக்குத் தோன்றியதை எழுதுவேன், அதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர். பாவாத்தாள் பக்கத்தை இந்த மூன்று நாளில் மாவட்டமே பார்த்துவிட்டது.

சமூக வலைத்தளங்களில் பகிர்ந்தவர்களின் பதிவுகள் காணாமல் போகின்றன. கூட்டமாகச் சேர்ந்து புகார் அடிக்கிறார்கள். என் தளம் மட்டும் அப்படியே நிற்கிறது. பெயரும் என்னுடையது, சர்வர் வாடகையும் நான் கட்டுவது, பக்கங்களை ஒவ்வொன்றாக நானே கட்டினேன். எடுக்கச் சொல்லி மனுக் கொடுப்பதென்றால் என்னிடம்தான் கொடுக்க வேண்டும்.

இதைப் பெருமையாகச் சொன்னேன். லோகநாதன் சாப்பிட்டுக்கொண்டே, “அப்ப அதைய எடுக்கோணும்னா உன்னையத்தான் எடுக்கோணும்” என்றார்.

தட்டில் இன்னும் கொஞ்சம் பொரியல் வைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

தம்பி பூபதி வந்தான். ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தான். அவன் அந்தக் குவாரியில்தான் டிப்பர் லாரிகளை மேற்பார்க்கிறான். லாரி வேலைக்கும் வெடி வேலைக்கும் சம்பந்தமில்லை.

சண்டை போட வந்திருப்பான் என்று நினைத்தேன். இல்லை. கறி கொதிக்கும்வரை சமையலறையில் என் பக்கத்திலேயே நின்று தளத்தைப் பற்றி விசாரித்தான்.

“ஏன்க்கா, இதெல்லாம் எங்க இருக்குது? எந்தப் பொட்டில?”

“எழுதறது கடைல இருக்கற பழைய கம்ப்யூட்டர்லடா. மேஜைக்கு அடில கறுப்பா இருக்குதுல்ல.”

“படமெல்லாமும் அதுலயேவா?”

“எல்லாமே.”

ஒன்பது வருஷமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எலும்பு நிறைய உள்ள துண்டாகப் பார்த்து அவனுக்குப் போட்டேன். லோகநாதன் அவனோடு அதிகம் பேசவில்லை. பட்டறையில் வேலை ஜாஸ்தி.

ஜூன் 18, செவ்வாய்

கடைப் பூட்டு உடைந்து கிடந்தது. ஜெராக்ஸ் மிஷினில் ஒரு கீறல் இல்லை. பிரிண்டர் அப்படியே இருக்கிறது. மேஜைக்கு அடியிலிருந்த கறுப்புப் பெட்டியை மட்டும் நடுக்கடைக்கு இழுத்துப் போட்டு சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள். தகடு, பச்சை அட்டை, கம்பி எல்லாம் தரை முழுக்க. போகும்போது அதன்மேல் ஒன்றுக்கும் போய்விட்டுப் போயிருக்கிறார்கள்.

ஸ்டேஷனில், “திருடனுங்க விக்க முடியாதுன்னு தெரிஞ்சா கோவத்துல ஒடைப்பானுங்க” என்றார்கள். இருக்கலாம்.

லோகநாதன் கூட்டி அள்ளும்போது, “எந்தப் பொட்டின்னு தெரிஞ்சு வந்திருக்கான்” என்றார். சாணி கிடைக்கவில்லை, பினாயில் ஊற்றித்தான் கழுவினேன்.

பாவாத்தாள் பக்கம் அப்படியே இருக்கிறது. தளம் இருப்பது வெகு தூரத்தில் இருக்கும் சர்வரில். கடையில் இருந்தது எழுதும் பெட்டிதான். அது பூபதிக்குத் தெரியாது. உடைத்தவர்களுக்குத் தெரியாது என்று எழுத வந்தேன்.

ஜூன் 19, புதன்

ரசம் வைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 26, புதன்

தளத்தில் ‘தொடர்புக்கு’ என்று ஒரு பக்கம் உண்டு. பஸ் நேரம் மாறினால் சொல்வதற்காக வைத்தது. அதில் ஒருவர் எழுதியிருக்கிறார். மாரப்பன், குவாரியில் கம்ப்ரசர் வைத்துப் பாறையில் குழி போடுகிறவர். பாவாத்தாளுக்கு முன்னாலேயே இரண்டு பேர் போயிருக்கிறார்களாம். இரண்டு பேரும் வடநாட்டுப் பையன்கள். ஒருவன்மேல் பாறை சரிந்திருக்கிறது. இன்னொருவன் வெடிக்காத குழியைத் திரும்பத் தோண்டும்போது சிதறிப் போனான். கையும் காலும் சாக்கில் அள்ளினோம், அள்ளினதில் நானும் ஒருவன் என்று எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சந்தையில், டீக்கடைப் பக்கம் பார்ப்பதாகப் பேசிக்கொண்டோம்.

ஜூன் 28, வெள்ளி

பூபதி போன் பண்ணினான். கடை உடைந்ததற்கு ரொம்ப வருத்தப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான்.

“ஞாயித்துக்கெழம வேண்டாம்டா. சந்தைல ஒருத்தரைப் பாக்கோணும்.”

“யாரை?”

“உங்க குவாரி ஆளுதான்.”

“எங்க குவாரிலயா!” என்று சிரித்தான். “யாருக்கா அவ்வளவு தைரியசாலி?”

நான் பெயர் சொல்லவில்லை. கம்ப்ரசர் ஓட்டுகிறவர் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 30, ஞாயிறு

எழுத வேண்டும். நடந்த வரிசைப்படி எழுதுகிறேன்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாரப்பன் கட்டம் போட்ட சட்டையில் வருவதாகச் சொல்லியிருந்தார். தக்காளிக் கடைகளைத் தாண்டி அவர் வருவது தெரிந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு பைக் அவருக்குக் குறுக்கே நின்றன. இறங்கின மூன்று பேரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். ஒருவன் அவர் தலைமுடியைப் பிடித்துக் கீழே தள்ளினான். இன்னொருவன் அவருடைய காலை இழுத்து, சாக்கடைத் திண்டின் மேல் தூக்கி வைத்தான். விறகை வெட்ட வைப்பது போல வைத்தான். மூன்றாவது ஆள் கடப்பாறையை இரண்டு கையாலும் தூக்கினான்.

முதல் அடியில் சத்தம் வந்தது. மாரப்பனுடைய சத்தம் இல்லை, எலும்பினுடையது. இரண்டாவது அடிக்குத்தான் அவர் கத்தினார். மூன்றாவது அடியில் முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியது.

சந்தை பார்த்துக்கொண்டு நின்றது. நானும் நின்றேன். பிறகு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார்கள். அவர் வேட்டியைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். வெள்ளையாக ஏதோ தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. என்னைப் பார்த்து, “நீங்கதானுங்களா?” என்றார். அதற்குமேல் மயங்கிவிட்டார்.

ஒரு பைக்கில் ஓட்டினவன் கடைசிவரை இறங்கவில்லை. நீல ஹெல்மெட். நீல ஹெல்மெட் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 6, சனி

மாரப்பன் ஆஸ்பத்திரியிலிருந்தே பேசினார். “எம் பேரைப் போட்டே எழுதுங். இனி எதைய ஒடைக்கப் போறானுங்க” என்றார். மருந்து மயக்கத்தில் பேசினாரா, கோபத்திலா, தெரியவில்லை. இறந்த பையன்களின் ஊரைக் கண்டுபிடித்து, ஒருவனுடைய அண்ணனோடு பேசி, எல்லாவற்றையும் சரிபார்த்து, மாரப்பன் பெயரோடு அதே பாவாத்தாள் பக்கத்தில் போட்டேன். போனிலேயே தட்டச்சு செய்தேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

மழை தூறியது. லோகநாதன் சீக்கிரம் வந்தார். போண்டா போடச் சொன்னார். மாவு கரைத்து, கடாயில் எண்ணெய் காய வைத்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

நாலு பேர். முகத்தில் துண்டு சுற்றியிருந்தார்கள். லோகநாதன் எழுந்திருப்பதற்குள் நாற்காலியோடு சாய்த்து, நெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்கள். ஒருவன், “எந்தக் கையிலடா டைப் அடிக்கற?” என்றான். நான் உள்ளேயிருந்து, “எழுதறது அவரில்ல, நானு!” என்று கத்தினேன். அவர்களுக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை. வலது கையை வாசற்படியில் விரித்து வைத்து இரும்பு ராடால் அடித்தார்கள். விரல் விரலாக. அவர் ஒருமுறைகூடக் கத்தவில்லை. உள்ளே போ, உள்ளே போ என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஒருவன் சமையலறைப் பக்கம் வந்தான். எங்கள் சமையலறை நிலை தாழ்வு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் நெற்றியை இடித்துக்கொள்வார்கள். அவன் குனிந்து வந்தான்.

கடாயைக் காதோடு பிடித்துத் தூக்கி அவன் முகத்தில் ஊற்றினேன். துண்டு முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்க்கப் போனவன் தோலையும் சேர்த்துப் பிய்த்தான். என் கையும் வெந்தது, அப்போது தெரியவில்லை. அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மற்ற மூவரும் அவனை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அவன் மழையில் தெருவரைக்கும் தவழ்ந்து போனான்.

“அக்கா! அக்கா!” என்று கத்திக்கொண்டே போனான்.

ஜூலை 10, புதன்

அது பூபதியின் குரல் இல்லை என்று லோகநாதன் சொன்னார். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நல்ல மனுஷர்.

ஜூலை 12, வெள்ளி

அம்மா ஆஸ்பத்திரி வாசலில் என் காலைப் பிடித்தாள். பூபதிக்கு ஸ்டவ் வெடித்துவிட்டதாம். ஒரு கண் போய்விட்டதாம். தனியார் ஆஸ்பத்திரியில் குவாரிக்காரர்தான் சேர்த்திருக்கிறார்.

“ஸ்டவ்வாம்மா?”

“என்னவோ ஒண்ணு. நீ அந்த எழுத்தை எடுத்துப் போடு கண்ணு. எடுத்துட்டா அவனை ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம், உம்மேலயும் கேசு இல்லையாம். மொதலாளியே சொன்னாரு. வெறும் எழுத்துதான? மறுக்கா எழுதிக்கலாமல்ல?”

“அவரு கையைப் பாத்தியா?”

“பாத்தேன். கை ஆறீரும்.”

வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் காலையில்தான் சொன்னார். வெல்டிங் ஹோல்டரை அவர் இனிப் பிடிக்க முடியாது.

ஜூலை 13, சனி

லோகநாதனிடம் கேட்டேன்: “பேரைப் போடட்டுங்களா?”

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உஞ்சட்டம் என்ன? படமோ, பாத்த ஆளோ இருக்கோணும். நான் பாத்தேன். துண்டு வெலகுச்சு. நான் பாத்தேன் தமயந்தி.”

அன்றைக்கு ஆறுதலுக்காகப் பொய் சொன்னவர்.

அதே பக்கத்தில் போட்டேன். ‘தாக்கியவர்களில் ஒருவர் பூபதி, வயது 32, குவாரியின் டிப்பர் மேற்பார்வையாளர்.’ எண்ணெயை ஊற்றியது நான் என்பதையும் போட்டேன்.

ஜூலை 15, திங்கள்

கடையில் கூட்டம். அம்மா வந்து, எல்லார் முன்னாலும் காலில் இருந்ததைக் கழற்றி என் முகத்தில் அடித்தாள். நாலைந்து அடி. உதடு கிழிந்தது. “கூடப் பொறந்தவன் மூஞ்சிய வேக வெச்சவளே, பத்தாதுன்னு பேரையும் போட்டு ஊருக்குக் காட்டறியா? நீ புழுத்துத்தான்டி சாவ!” என்றாள். யாரோ பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வருமானச் சான்றிதழுக்கு நின்ற பையனுக்கு விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்தேன். தாளில் ரத்தம் சொட்டிவிட்டது, வேறு பிரிண்ட் எடுத்தேன்.

ஜூலை 24, புதன்

வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் என் பக்கத்தை வைத்துக்கொண்டு கூனம்பாறைக்கு வந்தார்கள். அதற்கப்புறம் அதிகாரிகளும் வந்தார்கள். குவாரிக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கோ. முதலாளி ஊரில் இல்லை. பூபதியை ஆஸ்பத்திரியிலேயே கைது பண்ணிவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். வாசலில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். பூபதியின் முகத்தில் வாய் மட்டும்தான் பழைய வாய்.

“மத்த மூணு பேர் பேரைச் சொல்லீட்டங்க்கா. என்னைய ரோட்டுல போட்டுட்டு ஓடிட்டானுங்க, நாயிங்க” என்றான்.

“மாரப்பனை?”

“நான் அடிக்கல. வண்டிதான் ஓட்டுனேன்.”

தண்ணீர் வேண்டும் என்றான். உறிஞ்சுகுழாயை வாயில் வைத்துப் பிடித்தேன். குடித்துவிட்டுக் கேட்டான்: “எண்ணெய ஊத்தறப்ப நாந்தான்னு உனக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாது” என்றேன்.

இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன். தெரியாது.

ஜூலை 30, செவ்வாய்

தளத்துக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது. பெயர் போடாமல் யாரோ. ‘அந்தப் பூபதி உங்களுக்கு என்ன உறவு? அதை ஏன் எழுதவில்லை?’

அழிக்கலாம். என் தளம், என் சாவி, கேட்பாரில்லை. ஒரு நாள் முழுக்கக் கடை வேலை பார்த்தேன். சாயந்திரம் அந்தப் பக்கத்தின் மேலே ‘திருத்தம்’ என்று போட்டு இரண்டு வரி சேர்த்தேன். பூபதி என் உடன்பிறந்த தம்பி. மாரப்பன் சந்தைக்கு வருவதை அவனுக்குச் சொன்னது நான்.

லோகநாதன் படித்துவிட்டு, இடது கையால் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாரப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழம் வாங்கிப் போனேன். கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலில் கம்பிகள் குத்தி, வெளியே வளையம் வைத்து முடுக்கியிருந்தார்கள். அவர் மனைவி பேபி என்னை உட்காரச் சொல்லவில்லை. பழத்தையும் வாங்கவில்லை.

“படிச்சனுங்” என்றார் மாரப்பன். “இவதான் படிச்சுக் காட்டுனா.”

“தெரியாமச் சொல்லீட்டனுங். தம்பிதானேன்னு…”

“செரிங். சொன்னது சொன்னதுதான்.” வளையத்துக்குக் கீழே ஈ உட்கார்ந்தது, விசிறியால் ஓட்டினார். “உங்க தளத்துல எம் பேர் இருக்குதுல்லீங். அதைய எடுத்துருங்.”

“நீங்கதானுங் போடச் சொன்னீங்க. உங்க பேரு இருந்தாத்தான் கேசுக்கும்…”

“கேசுக்கு ஸ்டேசன்ல சொல்லிக்கறனுங். கோர்ட்டுலயும் வந்து சொல்லறன். உங்க பக்கத்துல வேண்டாம். கால் என்னுது, பேரும் என்னுதுங்.”

சம்மட்டியோடு வந்தவர்களுக்காக நான் ஒரு எழுத்தை எடுக்கவில்லை. என்னைப் பெற்றவள் காலைப் பிடித்தபோதும் எடுக்கவில்லை. வாதாட என்னிடம் நிறைய இருந்தது. பெயரில்லாத சாட்சி சாட்சியா, நாளைக்கு யார் நம்புவார்கள், எல்லாம். அந்தக் காலைப் பார்த்தேன்.

அவர் வாசலிலேயே நின்று போனை எடுத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, பெயர் இருந்த இடங்களில் ‘ஒரு குவாரித் தொழிலாளி’ என்று மாற்றினேன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, முந்தானையால் மறைத்துக்கொண்டேன். சேமித்துவிட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பேபி வாங்கினாள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கடைசிவரை படித்தாள். பாதியில் நிறுத்தி, மேலே போய், மறுபடி வந்தாள்.

“இங்கொரு எடத்துல இருக்குதுங்” என்று திரையைக் காட்டினாள்.

ஒரு படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் இருந்தது. அதையும் எடுத்தேன்.